அட்மின் கண்ட சமாதானம்

“ஒரு மாசமா நம்ம பைபிள் குரூப்ல சண்டையே இல்ல, பாத்தியா?” காலை வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அட்மின் தன் மனைவியிடம் மார்தட்டினார்.

“ஞானஸ்நானம் தண்ணியில முழுக்கா, தலையில தெளிப்பான்னு அடிச்சுக்கிட்டாங்களே?”

“இனி அந்தப் பேச்செடுத்தா குரூப்லேர்ந்தே தூக்கிடுவேன்னேன். பெட்டிப்பாம்பா அடங்கிட்டாங்க!”

அவர் போன் ஒலித்தது. ‘ஆமென்.’ அனுப்பியவள் மனைவிதான். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அவள் குளிக்கப் போனதும், மேசைமேல் அவளுடைய போன் விடாமல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். ‘முழுக்கா தெளிப்பா’ என்று புதிய குரூப். அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரூப்பின் அட்மின் அவர் மனைவி.

நடுவில் பாஸ்டர் கேட்டிருந்தார்: “இன்னைக்கு உங்க வீட்டு பிரதரோட பைபிள் குரூப்ல ஆமென் போடுறது யார் முறை?”

மனைவியின் பதில்: “என் முறைதான் பாஸ்டர். போட்டுட்டேன்.”