அழகர் வாய் திறந்தார்

"சத்தம் போடாத, அப்பாவுக்குப் பாடம் நடக்குது," என்று சொல்லிவிட்டு ரமேஸ் காம்பரா அறையின் கதவைச் சாத்தினான்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த தங்கச்சி தயானி வாசலிலேயே நின்றாள். உள்ளே அண்ணன் அப்பாவின் இடது கையைத் தட்டித் தட்டி ராகம் போடுவது கேட்டது. சொல் எதுவும் வெளியே கேட்கவில்லை.

பக்கவாதம் வந்து அப்பா அழகருக்கு வலது பக்கமும் போய், பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பாதி விளங்கும். பதில் வராது. ஆமாம் என்றாலும் ஒரே தலையாட்டல், இல்லை என்றாலும் அதே தலையாட்டல்.

பதுளை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கும் மிஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மூளையில் பேச்சு இருந்த இடம் கெட்டாலும் பாட்டு இருக்கும் இடம் தப்பியிருக்குமாம். சின்னச் சொல்லாக எடுத்து, கையைத் தட்டி, ராகத்தோடு தினமும் சொன்னால் சில பேருக்கு வருமாம். தண்ணீர், சோறு, வலி, இதைத்தான் முதலில் பழக்கச் சொன்னார்.

அந்த வேலையை ரமேஸ் எடுத்துக்கொண்டான். கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து அப்பனுக்கு வாத்தியாராக உட்கார்ந்த பிள்ளை என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் அவனை மெச்சின. பீ மூத்திரம் அள்ளுகிற மகளை மெச்ச எவருக்கும் வாய் வரவில்லை. சனம் அப்படித்தான்.

"தண்ணின்னாவது சொல்றாராண்ணே?" என்று தயானி ஒருநாள் கேட்டாள்.

"வரும், வரும். அவசரப்படுத்துனா மூள கொழம்பிடும்னு மிஸ் சொல்லியிருக்கு," என்றான்.

இதற்கிடையில் மலை சரியும் என்று பயந்து, பூனாகலைப் பக்கத்து அந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பத்துக்கு ஒரு புது வீடு. அது யாருக்கு என்று குடும்பத்துப் பெரியவர் கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. சொன்ன பிறகு எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது.

புருஷன் விட்டுப்போன தயானிக்கும் அவள் மகளுக்கும் அந்த வீட்டை விட்டால் ஒண்ட இடமில்லை. வீடு வந்தால் உனக்குத்தான் என்று அழகர் நல்லாயிருந்த காலத்தில் அவளிடம் சொல்லியிருந்தார். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

குறித்த நாளில் வீட்டுக்குப் பேர் எழுத அதிகாரி கனகசபை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அழகரை நாற்காலியோடு தூக்கிவந்து கோயில் வாசலில் வைத்தார்கள். தலையாட்டினால் போதாதா என்று அதிகாரி கேட்டார்.

"அவரு எதுக்கும் தலையாட்டுவாருங்க. பொறகு சண்ட வரும். வாயால வரட்டும்," என்றார் தோட்டத் தலைவர். வராவிட்டால், கூடவே இருந்து பார்க்கிற மகள் பேரில் எழுதிவிடலாம் என்றும் சொன்னார். தயானிக்கு மூச்சு வந்தது.

ரமேஸ் நாற்காலியோரம் குந்தி அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்கோ ஐயா, வீடு ஆருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

ரமேஸின் விரல் அந்தக் கையில் மெல்லத் தட்டியது. அழகரின் தாடை ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"வீடு... ரமேசுக்கு."

கூட்டம் கை தட்டியது. ஊமையாய்க் கிடந்த மனுசன் பேசிவிட்டார் என்று பொம்பளைகள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். அதிகாரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேரை எழுதினார். ரமேஸ் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, லயத்துக்கு இனிப்பு வாங்கப் புறப்பட்டுப் போனான்.

தயானி அப்பாவைக் காம்பராவுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினாள். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஒங்களக் கழுவி விட்டது நானு. ஊட்டி விட்டது நானு. இத்தன மாசத்துல ஒரு பேச்சு வந்துச்சு, அதையும் எங்கழுத்த அறுக்கத்தான் வச்சிருந்தீங்களாப்பா?"

அழகருக்கு வெயிலில் உட்கார்ந்திருந்ததில் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

அவள் திரும்பவில்லை. அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை மெல்லத் தட்டினார். கை மறுபடியும் குடத்தின் பக்கம் நீண்டது. நாக்கு உதட்டைத் தடவியது. கண்ணில் நீர் முட்ட, மகளிடம் கெஞ்சினார்:

"வீடு... ரமேசுக்கு."