ஒன்பதாவது கல்

இயற்பியல் வாத்தியார் கேள்வித்தாளுக்குக் கணக்கு எழுதுவார். அவர் மனைவி சரிபார்ப்பாள். இருவருக்கும் ஒரே டியூஷன் சென்டரில் வேலை. காலையில் அவர் முன்னால் போய் பஸ்ஸில் இடம் பிடித்து, பக்கத்து இருக்கையில் அவளுக்காகப் பையைப் போட்டு வைப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு அவள் ஓடுவாள்.

அந்த ஓட்டத்தையே வாத்தியார் கணக்காக்கியிருந்தார். தெருமுனையிலிருந்து பஸ்ஸின் பின்படி வரை நடைபாதையில் எட்டுக் கற்கள், கல்லுக்கு ஒரு மீட்டர். பஸ் சீரான முடுக்கத்தில் கிளம்புகிறது. பெண் விநாடிக்கு நான்கு மீட்டர் ஓடுகிறாள். பிடிப்பாளா? மயிரிழையில் பிடித்துவிடுவாள்.

நேற்று மாலை அவர் எட்டை அடித்து ஒன்பதாக்கினார்.

"ஏங்க, அப்போ அவளுக்கு பஸ் கிடைக்காதே?"

"கிடைக்காதுதான்."

"பாவங்க அவ."

"கணக்குல என்ன பாவ புண்ணியம்?" என்றார், நிமிராமல்.

இன்று காலை அவள் தெருமுனை திரும்பியதும் பஸ் கிளம்பியது. வழக்கம்போல விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பின்படிக் கம்பி ஒரு மீட்டர் தூரம் வரை வந்தது. பிறகு விலகிப் போனது. மூச்சு வாங்கியபடி திரும்பிக் கற்களை எண்ணினாள். ஒன்பது. ஒன்பதும் ஒரே மாதிரி தேய்ந்து, இடுக்கெல்லாம் பழைய பாசியோடு கிடந்தன.

பஸ் முன்னால் போய் வளைந்து திரும்பி, எதிர்ப்பக்கமாக அவளைக் கடந்தது. ஜன்னலோரம் வாத்தியார் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பை அவர் மடியில் இருந்தது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர், வாயைத் திறந்துகொண்டு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.