கைக்கேற்ற கிட்டார்

"கடையில தொங்குற கிட்டார் போதாதா?" என்றாள் மனைவி, இடது கையில் கரண்டியோடு.

"அது ஊருக்கே செஞ்சது. ஆர்டர் கொடுத்தா என் கைக்குன்னே செய்வாங்க. அதோட அருமை யாருக்குத் தெரியுது?"

ஆர்டர் கொடுத்ததும் கிட்டார் செய்பவர், நான் வாசிக்கும் வீடியோ ஒன்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றரைப் பாட்டையும் வாசித்து, செல்ஃபியாக எடுத்துக் கம்பீரமாக அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது. மடியில் வைத்தால், கம்பிகள் தலைகீழாக இருந்தன. அவரை ஃபோனில் பிடித்து எகிறினேன்.

"சார், வீடியோவுல நீங்க இடது கையாலதானே வாசிக்கிறீங்க?"

செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி வலது கையை இடது கையாகக் காட்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனைவி கிட்டாரை வாங்கி, இடது கையால் மெதுவாக மீட்டிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."