எழுவாய் இல்லாத நோட்டீஸ்

"யாரைக் கேட்டு இதை அச்சடிச்சே?"

பெரிய டாக்டர் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். மேஜைமேல் அந்த மஞ்சள் நோட்டீஸ் கிடந்தது.

"யாரையும் கேக்கல சார்," என்றாள் டைப்பிஸ்ட்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் பெரிய டாக்டர். அவருக்கு ஒரு பக்கம் மேட்ரன், மறுபக்கம் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஆலோசகர். ஏழு மாதமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இந்த இரண்டு பெண்களும், டைப்பிஸ்ட் மேல் கொடுத்த புகாரில் மட்டும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சண்டை ஒரு வார்த்தைக்காக. ஆஸ்பத்திரியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை முகாம் நடத்துவதாக முடிவானது. அதற்கு ஒரு நோட்டீஸ். 'பெண்களே, வாருங்கள்' என்று மேட்ரன் எழுதிக் கொடுத்தார். 'கருப்பை உள்ள அனைவரும் வாருங்கள்' என்று ஆலோசகர் திருத்தினார். அன்றைக்குப் பிடித்தது வினை.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பிள்ளை பெத்தவங்க ஆம்பளை வார்டு வராந்தாவுல படுத்துக் கிடந்தாங்க. பெண்கள்னு ஒரு போர்டு மாட்ட ஒன்பது வருஷம் நாயா அலைஞ்சேன். இப்ப அந்த வார்த்தையே வேணாம்ங்கறீங்க. எங்களை உறுப்பு பேர் சொல்லித்தான் கூப்பிடணுமா?" என்பார் மேட்ரன்.

"போன வருஷம் ஒரு மெக்கானிக் வந்தார். பொண்ணாப் பிறந்து ஆணா வாழறவர். மீசை வெச்சவனுக்கு இந்த வரிசையில என்ன வேலைன்னு சிரிச்சே துரத்திட்டாங்க. நோய்க்கு மீசை தெரியுமா?" என்பார் ஆலோசகர்.

பெரிய டாக்டர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவசரப்பட வேணாம். அடுத்த மீட்டிங்ல பேசுவோம்."

இப்படியே பத்தொன்பது வரைவுகள். பத்தொன்பதையும் டைப்பிஸ்ட்தான் அடித்துக் கொடுத்தாள்.

இதற்கு நடுவில், சலவைப் பிரிவில் வேலை பார்த்த அக்கா வாராவாரம் அவள் மேஜைக்கு வந்து நிற்பார்.

"எனக்கு நின்னு நாலு வருஷம் ஆச்சுடி. இப்ப மறுபடி ரத்தம் படுது. கேம்ப் எப்பன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

"வெளியில எங்கயாவது போய்க் காட்டுங்கக்கா."

"இங்கயே வரப்போகுதுங்கறாங்க. அப்புறம் எதுக்கு வெளியில போய்…"

ஒருநாள் சலவை அறையிலேயே மயங்கி விழுந்தார். பார்த்தபோது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், பின்வாசல் வழியாக அவர் உடலை வண்டியில் ஏற்றினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை டைப்பிஸ்ட் இருபதாவது வரைவைத் தானே எழுதினாள். இரண்டாயிரம் பிரதி எடுத்து, மருந்து கொடுக்கும் கவரில் எல்லாம் ஒன்று ஒன்றாகப் போட்டுவிட்டாள்.

பெரிய டாக்டர் அதை எடுத்து வாசித்தார். "'மாதவிலக்குக்கு இடையில் ரத்தம் பட்டால், நின்ற பிறகு ரத்தம் பட்டால், வியாழக்கிழமை காலை வந்து காட்டுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.' யார் வரணும்னே போடலியேம்மா?"

"வரவேண்டியவங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியாது," என்றார் மேட்ரன். "பேர் சொல்லிக் கூப்பிடலைன்னா, இது நமக்கில்லன்னு தூக்கிப் போட்டுட்டுப் போற பொம்பளைங்களை உனக்குத் தெரியாது."

"யாரையும் சொல்லாம விடறது மரியாதை இல்ல. மழுப்பல்," என்றார் ஆலோசகர்.

"அறுபத்து மூணு பேர் வந்தாங்க மேடம். அந்த மெக்கானிக்கும் வந்தார். முன்னாடி நின்ன ஒரு அம்மா, 'என் இடத்தைப் பாத்துக்கப்பா'ன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போனாங்க."

"வந்து?" என்றார் மேட்ரன். "எட்டு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பூட்டின ரூம் வாசல்ல நின்னாங்க. எல்லாரையும் திருப்பி அனுப்பினது நான். ஒரு பொண்ணு என் கையை விடவே இல்ல. 'அடுத்த வாரமாவது பாப்பீங்களா'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்றது?"

"பரிசோதனை பண்ற மெஷினே இல்லாம கூப்பிட்டிருக்கே," என்றார் ஆலோசகர். "ஆசை காட்டி மோசம் பண்ணிட்டே. அதான் நானும் கையெழுத்துப் போட்டேன்."

டைப்பிஸ்ட் தலை குனிந்தாள். "அது தப்புதான் மேடம். அவங்க நின்னதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். "மெஷினுக்கு மேலிடத்துக்கு எழுதி ஏழு மாசம் ஆகுது. நோட்டீஸ் முடிவானாத்தான் அனுப்புவோம்ங்கறாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரட்டும்னு நான் காத்துக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்கு இப்படிப் பண்ணினா ஆஸ்பத்திரி பேர் என்னாகறது?"

மேட்ரனும் ஆலோசகரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவர் ஒரு காகிதத்தை அவர்கள் பக்கம் தள்ளினார். சஸ்பெண்ட் ஆர்டர். அதையும் காலையில் அவளேதான் அடித்துக் கொடுத்திருந்தாள். அந்த ஆபீஸில் டைப் அடிக்க வேறு ஆள் கிடையாது.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்," என்றாள் டைப்பிஸ்ட். "மெஷின் வேணும்னு மேலிடத்துக்கு எழுதினதாச் சொன்னீங்களே, அந்த லெட்டரை யார் டைப் பண்ணாங்க?"