சோளக்காரியின் போன்

கம்பாலாவின் மழை தகரக் கூரையில் கொட்டி முழங்குகிறது. கரண்டும் இணையமும் போய்விட்ட மாடி அறையில், செக்கித்தோவின் மடிக்கணினித் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. அவன் எழுதிய கட்டளை மட்டும் எங்கோ தொலைதூர இயந்திரத்தில், இங்கிருந்து நிறுத்த வழியில்லாமல், ஓடுகிறது. ஏதோ ஒரு படியில் தடுக்கி, தானாகவே முதலிலிருந்து ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் தடுப்பூசி நினைவூட்டலைப் புதிதாகச் சேர்த்துத் தாய்மார்களின் போன்களுக்கு அனுப்புகிறது. "நினைவூட்டல் ஏற்கெனவே இருக்கான்னு பாத்துட்டுச் சேக்கச் சொல்லியிருக்கலாம்ல?" என்கிறாள் உடன் வேலைசெய்யும் நமுயாஞ்சா. "ஒரு தடவதானே ஓடப்போகுதுன்னு நெனச்சேன்." "கீழ பாரு, அவளுக்கும் வருது." சன்னலுக்குக் கீழே, பெரிய குடைக்குள் சோளம் சுடுகிற பெண்ணின் போன் ஒளிர்கிறது. 'குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.' படித்துவிட்டுக் கதிரைத் திருப்பிப் போடுகிறாள். மறுபடி ஒளிர்கிறது. முதுகில் தூங்கும் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்க்கிறாள். மறுபடி. இப்போது அதன் நெற்றியில் புறங்கையை வைக்கிறாள். கை அங்கேயே நிற்கிறது. "அம்மா, ஒண்ணுமில்ல! சும்மா வருது அது!" செக்கித்தோவின் கத்தல் மழையைத் தாண்டவில்லை. அவள் குழந்தையை மார்புப் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டு, போகிற பைக்கை மறித்து ஏறிவிடுகிறாள். தணலில் கதிர்கள் ஒரே பக்கமாகக் கருகுகின்றன. முக்காலியில் அவள் மறந்துவிட்டுப் போன போன் மறுபடி ஒளிர்கிறது.