அணில் தேர்ந்தெடுத்த குரங்கு

ஆற்றங்கரைக் குரங்குகள் கட்சி கட்டிக்கொண்டு மாம்பழம் எறிந்து பிடித்து விளையாடும். ஆடுவது குரங்குகள், வாய் வலிப்பது வேலியில் உட்கார்ந்திருக்கும் அணிலுக்கும் மைனாவுக்கும். இரண்டும் ஆளுக்கொரு குரங்கைத் தேர்ந்தெடுக்கும். எதனுடைய குரங்கு அதிகப் பழம் பிடிக்கிறதோ அதற்குத்தான் மழைக்காலத்தில் புளியமரப் பொந்து. போன முறை ஜெயித்த அணில் அதில் குடியிருந்தது.

இந்த முறை கருவாலன் என்ற வயதான குரங்கு மேலக்கரைக் கட்சியை விட்டுக் கீழக்கரைக்கு வந்திருந்தது.

"முட்டி தேஞ்சு போச்சு. கீழக்கரையிலே பழம் எறியறவனும் அதுக்குப் புதுசு," என்று மைனா அங்கேயே இருந்த ஒரு குட்டைக் குரங்கை எடுத்தது.

"போன வருஷம் நாற்பது பழம் பிடிச்ச கை அது," என்று அணில் கருவாலனையே எடுத்தது.

ஆட்டம் பழைய கட்சியோடுதான். கருவாலனின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்த மேலக்கரைக் குரங்குகள் மூன்று, அது ஓடிய பக்கமெல்லாம் மறிக்க ஓடின. காலியாகக் கிடந்த மறுபக்கத்தில் நின்ற மைனாவின் குட்டைக் குரங்கு வந்த பழத்தையெல்லாம் பிடித்தது. கீழக்கரை ஜெயித்தது. கருவாலன் கையில் ஒரு பழம்கூட விழவில்லை.

அணில் பொந்திலிருந்து தன் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க வந்த கருவாலன் அதைப் பார்த்து நின்றது.

"நாமதானே ஜெயிச்சோம். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"நான் தோத்துட்டேன்."

கருவாலன் அணிலை மேலும் கீழும் பார்த்தது.

"உன்னை ஆட்டத்தில நான் பார்க்கவே இல்லையே," என்றது.