இடம் மாறிய மச்சம்

லிங்கனின் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

கஜந்தினி வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தில் அந்த வாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல் படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு படத்தைத் தவிர மற்றப் படங்களில் எல்லாம் அவருக்கு மச்சம் வலது கன்னத்தில்.

அதைக் காட்டியதும் மேலதிகாரியான பிரெஞ்சுப் பெண் சிரித்தாள். தலை மட்டும்தான் லிங்கனுடையது, அதையும் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்றாள். உடம்பு கல்ஹூன் என்ற அரசியல்வாதியுடையதாம். அடிமை முறைக்காக வாதாடியவர். லிங்கன் இறந்தபின் கம்பீரமான படம் ஒன்று தேவைப்பட, கிடைத்த உடம்பில் தலையை வைத்துவிட்டார்களாம்.

அன்றிலிருந்து கஜந்தினிக்கு எந்தப் படத்தையும் நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருந்த வீட்டில், தன் அறையில் மாட்டியிருந்த அண்ணன் சேந்தனின் படத்தைக் கழற்றி யன்னலடியில் பிடித்தாள்.

முகத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தது. சட்டையில் வலப்பக்கமிருந்து.

கழுத்தடியில் மயிரிழை போல ஒரு கோடு.

இலங்கையில் போர் முடிந்த வருடம் அவளுக்குப் பத்து வயது. அவளும் அம்மாவும் பாரிசுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வன்னியில் நின்றுவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் பாலச்சந்திரன் மாமா இந்தப் படத்தோடு வந்தார். சேந்தனை மலேசியாவில் கண்டதாகவும், ஒளித்திருப்பதால் யாரும் தேடக் கூடாது என்றும் சொன்னார்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவருக்கு அச்சுக் கடை. குழந்தைகளின் தலையைக் கிருஷ்ணரின் உடம்பில் பொருத்திப் பிறந்தநாள் பதாகை அடித்துக் கொடுப்பவர்.

இது ஏன் இத்தனை வருடம் புத்திக்கு எட்டவில்லை?

அந்த மனிதர் இப்போது கூடத்தில் இருந்து அம்மாவின் நண்டுக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறமாட்டார். அம்மாவும் பெரிய நண்டாகப் பார்த்து அவர் தட்டில்தான் வைப்பாள். சேந்தனின் பேச்சு வந்தாலே அவர் தண்ணீரை எடுத்துக் குடிப்பது கஜந்தினிக்கு நினைவு வந்தது. சாப்பிட்ட ஒவ்வொரு ஞாயிறும் பொய்யின் மேல் சாப்பிட்டது.

படத்தோடு குசினிக்குப் போனாள். குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலைக் காட்டினாள், கோட்டைக் காட்டினாள். அந்த ஆளை இனி வாசற்படி மிதிக்க விடாதே என்றாள்.

அம்மா பூரணி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள்.

“பாலா அண்ணையிலை பிழையில்லை. நான்தான் கெஞ்சிச் செய்விச்சனான். அவன்ர சேதி எனக்கு மே மாசமே வந்திட்டுது. நீ அண்ணா வரட்டும் எண்டு ஒன்பது நாள் வாயிலை ஒண்டும் வைக்கேல்லை.”

கூடத்தில் சாப்பிடும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அந்தப் படத்தின் முன்னால் அம்மா ஒரு நாளாவது அழுது கஜந்தினி கண்டதில்லை. அழுதால் மகள் பிடித்துவிடுவாள் என்று இத்தனை வருடமும் சிரித்த முகத்தோடு அதைத் தூசி தட்டியிருக்கிறாள்.

பூரணி சட்டை நுனியால் கண்ணாடியில் முகம் இருந்த இடத்தைத் துடைத்தாள்.

“இனி மாலை போடலாம்தானே, பிள்ளை?”